மகிழ்வுப் பண்டத்துக்கான விண்ணப்பம்

எரிந்த வீட்டிலிருந்து உடுத்த துணியோடு ஓடி வந்தவனுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்? குடிக்கத் தண்ணீர் கொடுக்கலாம், படுக்க ஒரு பாய் கொடுக்கலாம் என்று விஷயம் தெரியாதவர்கள் நினைப்பார்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், கண்டி நகரத்துக்கு மேலே மலைச்சரிவிலிருந்த அந்தப் பாடசாலைக்குள் நானூறு தமிழர் வந்து விழுந்தபோது, முதலில் அவர்களை நிறுத்துப் பார்த்தார்கள். சாப்பாடு மூன்றாம் நாள் வந்தது. தராசு இரண்டாம் நாள் காலையிலேயே வந்துவிட்டது.

தராசோடு ஒரு பணியகமும் வந்தது. இடம்பெயர்ந்தோர் சமச்சீர் உணவுத் திட்டப் பணியகம் என்று பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவே நல்ல போசாக்கு வேண்டும். முகாமில் யாருக்கும் அது இருக்கவில்லை என்பதால் எல்லோரும் நிறுவைக் கந்தோர் என்றார்கள்.

தம்பிராஜா ஐம்பத்து நான்கு வயதுக்காரர், அரசாங்க அலுவலகம் ஒன்றில் படவரைஞர். கோடு இழுப்பதும், மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் ஓம் என்பதும் அவருடைய இருபத்தேழு வருட உத்தியோகம். வரிசையில் நின்று அவர் தராசில் ஏறி இறங்கினார், அறுபத்தொரு கிலோ. பின்னால் அவருடைய மனைவி சிவமணி ஏறினாள், நாற்பத்தெட்டு. பிள்ளைகள் இல்லாத வீடு அது, நிறுப்பதற்கு வேறு ஆள் இல்லை. என்ன வருத்தம் என்று கேட்டார்கள். சலரோகம், சீனி வருத்தம் என்றாள். அவளுடைய பெயருக்கு எதிரே சிவப்பு மையால் அதை எழுதினார்கள்.

“ஊசி மருந்து வீட்டில பிரிட்ஜோட எரிஞ்சு போச்சு. நாளாந்தம் போடுறவ. எங்கயாவது எடுக்கலாமோ?” என்று தம்பிராஜா கேட்டார்.

மேசையில் இருந்த கமலாசனி என்ற எழுதுவினைஞர் பெண் பதிவேட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினாள். “அதுக்கு இதில நிரல் இல்லை ஐயா,” என்றாள். கெட்ட பெண் இல்லை. நிரல் இருந்தால் கட்டாயம் எழுதியிருப்பாள்.

ஐந்தாம் நாள் சிவமணி மயங்கினாள். ஊரடங்கில் வாகனம் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சொல்லி, சீட்டு எழுதுகிறவரைத் தேடி, அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவர ஆறாம் நாள் ஆகிவிட்டது. அதற்குள் அவள் போய்விட்டாள். ஊரடங்கு தளர்ந்த இரண்டு மணித்தியாலத்தில் மகியாவை என்ற இடத்து மயானத்தில் அவளை எரித்துவிட்டு, தம்பிராஜா திரும்பி வந்து வகுப்பறைச் சுவரோடு சாய்ந்து இருந்தார். கமலாசனி வந்து பதிவேட்டில் நாற்பத்தெட்டு கிலோவைச் சிவப்புக் கோட்டால் வெட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பணியகத்தின் இணைப்பாளர் நவரட்ணராஜா விரிவுரை நிகழ்த்தினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, மேல்நாட்டில் ஆறு மாதம் போசணை படித்துவிட்டு வந்த மனிதர். சலவைச் சட்டை, இரட்டை நாடி. தலையில் கட்டோடும் கையில் கட்டோடும் இருந்த சனம் அவர் முன்னால் தரையில் சம்மணம் கொட்டி இருந்தது. சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது.

காலையில் முட்டை ஒன்று. கிடைக்காவிடில் மாற்றீடு பருப்பு. பகலில் மீன் அல்லது இறைச்சி. கிடைக்காவிடில் மாற்றீடு பருப்பு. மாலையில் பழம், கிடைக்காவிடில் மாற்றீடு பருப்பு. இரவில் பால், கிடைக்காவிடில் பருப்புத் தண்ணீர். முகாமில் கிடைத்தது பாண் ரொட்டியும் பருப்பும்தான். ஆகவே ஒருவன் காலையில் பருப்பைத் தின்னும்போது முட்டை தின்றதாகவும், மாலையில் அதே பருப்பைத் தின்னும்போது பப்பாசி தின்றதாகவும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சமச்சீர் என்று பெயர்.

“கடுமையான உணவுக் கட்டுப்பாடு மனிதனைத் திருட்டுத் தீனிக்குத் தள்ளுகிறது என்று மேல்நாட்டு ஆராய்ச்சிகள் நிரூபித்துள்ளன,” என்றார் நவரட்ணராஜா. “ஆகையால் உங்களுடைய ஆரோக்கிய உணவுக்குள் வாரத்துக்கு ஒரு மகிழ்வுப் பண்டத்தை நாங்கள் விஞ்ஞான முறைப்படி பொருத்தியிருக்கிறோம். உங்களுக்கு விருப்பமான ஒரு பலகாரம், ஓர் இனிப்பு. செய்முறையை எழுதி விண்ணப்பியுங்கள். வாழ்க்கையை அனுபவியுங்கள். ஆனால் அளவோடு.”

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. கடையும் வீடும் எரிந்து பத்து நாள் ஆகாத ஒருவர் எழுந்து, இந்தப் பருப்பில் கல் இருக்கிறதே என்று கேட்டார். கல் அட்டவணையில் இல்லை என்றார் நவரட்ணராஜா.

விண்ணப்பப் படிவம் நாலு பக்கம். உண்பவரின் பெயர், வயது, பாரம், உயரம், மகிழ வேண்டியதற்கான காரணம், செய்முறை. கடைசிப் பக்கத்தைத் தின்று முடித்த பிறகு நிரப்ப வேண்டும்: பண்டம் உண்ணப்பட்டதா, உண்டவர் மகிழ்ந்தாரா. இருநூறு படிவம் அடித்து வைத்திருந்தார்கள். மூன்று நாளாக ஒருவரும் வாங்கவில்லை. சனத்துக்கு மகிழ்ச்சியைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை, அதுதான் பின்தங்கிய நிலைமை என்று நவரட்ணராஜா கமலாசனியிடம் குறைபட்டுக்கொண்டார்.

நாலாம் நாள் தம்பிராஜா வந்து ஒரு படிவம் கேட்டார்.

செத்த ஆள் விரும்பித் தின்றதைச் சமைத்து எட்டாம் நாள் பின்னேரம் படைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். எட்டுச் செலவு என்பார்கள். சிவமணிக்குப் பயற்றம் பணியாரம் என்றால் உயிர். வறுத்த பயற்றம் மாவும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்கிற பலகாரம். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் அவள் அதைச் சுட்டு அவருக்குத் தட்டில் வைப்பாள். வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாள். ஒன்பது வருடமாக அவள் ஒன்றையேனும் வாயில் வைத்ததில்லை.

அந்த ஒன்பது வருடத்துக்கு ஒரு கதை இருந்தது. சலரோகம் என்று கண்ட அன்று வைத்தியர் றோணியோவில் பிரதி எடுத்த ஒரு மங்கிய தாளில் உணவுத் திட்டம் கொடுத்தார். தம்பிராஜாவுக்கு அந்தத் தாளைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கோணல் மாணலான நிரல்கள். நல்ல கடதாசியில், இந்திய மையால், அளவுகோல் வைத்து அழகாகத் திருப்பி வரைந்து சமையலறை அலுமாரிக் கதவில் ஒட்டினார். மூலத் தாளின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘விசேஷ நாட்களில் ஒரு சிறிய இனிப்புப் பண்டம் உண்ணலாம்.’ அந்த வரி அவர் போட்ட நிரலுக்குள் அடங்கவில்லை. அடக்கினால் கீழ்க்கோடு பிசகும். விட்டுவிட்டார். உடம்புக்கும் நல்லதுதானே என்று மனத்தையும் தேற்றிக்கொண்டார். மூலத் தாளை எங்கோ வைத்துவிட்டார். தன் புருஷன் வரைந்ததில் பிழை இருக்கும் என்று சிவமணி ஒருநாளும் நினைத்தவளில்லை.

இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது வகுப்பறைச் சுவரோடு சாய்ந்திருக்கும்போது வேறெதுவும் நினைவுக்கு வர மறுத்தது. வீடு எரிந்தது வரவில்லை, மயானம் வரவில்லை. அந்த ஒரு வரிதான் வந்துகொண்டேயிருந்தது. எட்டாம் நாளாவது அவளுக்கு ஒரு பணியாரம் வைக்காவிட்டால் தான் மனிதன் இல்லை என்று அவர் முடிவு கட்டினார்.

கமலாசனி படிவத்தைப் படித்தாள். “ஐயா, உண்பவர் எண்ட இடத்தில அம்மாவின்ர பேரை எழுதியிருக்கிறியள்.”

“ஓம் பிள்ளை.”

“அவ மோசம் போயிட்டா எல்லோ.”

“ஓம். அதாலதான்.”

“மோசம் போனவைக்குத் தரலாமோ எண்டு தெரியேல்லை. சேரைக் கேட்டுப் பாப்பம்.”

நவரட்ணராஜா முதல் விண்ணப்பம் வந்துவிட்ட பூரிப்பில் இருந்தார். சுற்றறிக்கையை எடுத்து வரிவரியாக விரலை ஓட்டினார். “‘பதியப்பட்ட ஒவ்வொருவருக்கும்’ எண்டுதான் இருக்கு. உயிரோட இருக்க வேணும் எண்டு எங்கயாவது போட்டிருக்கோ?”

“இல்லை சேர்.”

“அப்ப அவவும் பயனாளிதான். வெட்டின கோட்டை அழியுங்கோ.”

கமலாசனி சவர பிளேடால் சுரண்டிச் சுரண்டிச் சிவப்புக் கோட்டை அழித்தாள். அன்று முதல் சிவமணிக்கு மூன்று வேளையும் பருப்பு வழங்கப்பட்டதாகப் பதிவேட்டில் ஏறியது. செத்தவளுக்கு உயிர் கொடுக்க இவர்களுக்கு ஒரு பிளேடு போதுமானதாக இருந்தது. உயிரோடு இருந்தவளைக் காப்பாற்றத்தான் ஒன்றும் கைவசம் இருக்கவில்லை.

அடுத்தது செய்முறை. அங்கேதான் தம்பிராஜா தலையால் தண்ணீர் குடித்தார். இருபத்துநாலு வருடம் தின்ற பலகாரத்தை எப்படிச் செய்வதென்று அவருக்குத் தெரியாது. முகாம் சமையலறையில் வீரம்மா என்ற பெண் நின்றாள். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீடு எரிந்து புருஷனோடு நடந்தே வந்தவள். அவளிடம் போய்க் கேட்டார்.

“பயத்தமாவு உருண்டையா? எங்க பக்கம் சுசியம்னு செய்வோங்கய்யா. கடலைப்பருப்பு, வெல்லம் போட்டு. ஒங்க வீட்டம்மா பயறா போட்டாங்க?”

“பயறுதான். வறுக்கேக்க வாசம் வரும். பிறகு மாவைக் கையில எடுத்து மணந்து பாப்பா.”

“மணந்தா என்ன வாசம் அடிக்கும்?”

தம்பிராஜா கண்ணை மூடி யோசித்தார். “மிளகு. சீரகம். ஏலக்காய் எண்டும் நினைக்கிறன்.”

“அப்ப அதான். மேல மாவுல மஞ்சள் போட்டாங்களா?”

“மஞ்சளாத்தான் இருக்கும்.”

இப்படிக் கேள்வி கேட்டுக் கேட்டு வீரம்மா அவர் வாயிலிருந்து சிவமணியின் சமையலைப் பிடுங்கி எடுத்தாள். தம்பிராஜா அதைத் தனக்குத் தெரிந்த மொழியில் எழுதினார். உருண்டைக்கு வெட்டுமுகம் வரைந்து, விட்டம் ஒன்றேகால் அங்குலம், மேற்பூச்சின் தடிப்பு அங்குலத்தில் பத்திலொரு பங்கு என்று அம்புக்குறி போட்டார். நவரட்ணராஜா அதைப் பார்த்து அசந்துபோனார். “இதுதான் செய்முறை. இதுதான் விஞ்ஞானம்,” என்றார். உடனே தம்பிராஜாவிடம் சுவர் அட்டவணையையும் திருத்தமாக வரைந்து தரும்படி கேட்டார். தம்பிராஜா ஓம் என்றார். மாற்றீடு பருப்பு, மாற்றீடு பருப்பு என்று ஒரு பின்னேரம் முழுவதும் அழகான எழுத்தில் எழுதினார்.

அட்டவணையை வகுப்பறைச் சுவரில் மாட்டிய பிறகுதான் நவரட்ணராஜா அவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

“ஒரு சின்னச் சிக்கல். உங்கட மனிசியின்ர பேருக்கு நேர சலரோகம் எண்டு கிடக்கு. சலரோகக்காரருக்குச் சீனிப் பண்டம் அனுமதிக்கேலாது.”

தம்பிராஜாவுக்கு விளங்கவில்லை. “அவ செத்துப் போனா, சேர்.”

“அது வேற விஷயம். நோய் பதிவில இருக்கு. நாங்கள்தானே அவவைத் திரும்பப் பதிவில எடுத்தனாங்கள். பதிவில எடுத்தால் எங்கட பொறுப்பு. பிறகு கூடிக் குறைஞ்சு ஏதாவது நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

“இனி என்ன சேர் நடக்கும்?”

“அப்பிடிச் சொல்லக் கூடாது. கவனயீனம் அப்பிடித்தான் தொடங்குறது.”

தம்பிராஜா இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக மேலதிகாரி ஒருவரிடம் கேள்வி கேட்டார். “சேர், அவ உயிரோட இருக்கேக்க ஊசி மருந்து கேட்டன். அஞ்சு நாளாய்க் கேட்டன். அப்ப இந்தப் பொறுப்பு எங்க இருந்தது?”

நவரட்ணராஜா கோபிக்கவில்லை. இரக்கத்தோடு சிரித்தார். “மருந்து சுகாதாரப் பகுதி. நாங்கள் உணவுப் பகுதி. ஒராள் மற்றாளின்ர வேலையில தலையிட்டால் பிறகு ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்குமோ, சொல்லுங்கோ?”

அந்த மனிதரின் சவர்க்கார வாசம் கூடத் தம்பிராஜாவுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எட்டாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. எழுந்து போகாமல் கதிரையிலேயே இருந்தார்.

“நான் வழி பாத்திட்டன்,” என்றார் நவரட்ணராஜா. “உங்கட செய்முறையைத் திருத்தி ஆரோக்கியமாக்கியிருக்கிறன். சீனி இல்லை. எண்ணெய் இல்லை. பொரிக்காமல் அவிக்கிறது. தேங்காய்ப்பூவுக்கு மாற்றீடு பருப்பு.”

அன்று பகல் சமையலறையில் பரிசோதனை நடந்தது. வீரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அவித்து எடுத்தாள். சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் உருண்டைகள் வந்தன. நவரட்ணராஜா தின்னவில்லை, ஆராய்ச்சி செய்கிறவர் தின்றால் முடிவு பக்கச் சார்பாகிவிடுமாம். தம்பிராஜா ஒன்றைக் கடித்தார். சுவருக்குப் பூசுகிற சாந்து பல்லில் ஒட்டியது போல் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “எப்பிடி?” என்று கேட்டார் நவரட்ணராஜா. தம்பிராஜா வாய் திறக்க முடியாமல் தலையை ஆட்டினார். ‘பயனாளியின் கணவர் திருப்தி தெரிவித்தார்’ என்று குறித்துக்கொண்டார்கள்.

பின்னேரம் திகனவிலிருந்து பளீல் முதலாளி முகாமுக்கு வந்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர். தம்பிராஜாவிடம் கடைக்கு வரைபடம் கீறுவித்த நாளிலிருந்து பழக்கம். ஊரடங்கு தளர்கிற நேரம் பார்த்து வான் பிடித்து ஏதாவது கொண்டுவருவார்.

“அவிச்சதையா படைக்கப் போறீங்க?” என்று, தம்பிராஜா நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டார். “என்ன பேச்சு இது. பயறு நான் தாரேன், தேங்கா நான் தாரேன், எண்ணெயும் ரெண்டு போத்தல் வண்டியில இரிக்கி. சீனிதான் இல்ல. கொழும்பு லொறி வந்து ரெண்டு கிழமை. கடையில ஒரு மணி இல்ல. அல்லாஹ் மேல சத்தியமா ஒளிச்சு வெச்சுச் சொல்றதில்ல.”

“எனக்குத் தெரியும் முதலாளி,” என்றார் தம்பிராஜா.

சீனி முகாமில் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. காலையும் மாலையும் ஒவ்வொருவருக்கும் வெறுந்தேத்தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டிச் சீனியும் கொடுப்பார்கள். சீனியை நக்கி நக்கித் தேத்தண்ணீரைக் குடிக்க வேண்டும். சீனிப் பெட்டகம் நவரட்ணராஜாவின் பூட்டுக்குள் இருந்தது. கதவில் அறிவித்தலும் இருந்தது: ‘தேநீர்ச் சீனி உள்ளங்கையிலிருந்து வாய்க்கு மட்டுமே செல்ல வேண்டும். வேறு தேவைக்குப் பயன்படுத்தினால் முகாம் முழுவதற்கும் ஒரு வாரத்துக்குச் சீனி நிறுத்தப்படும்.’

வீரம்மா தேத்தண்ணீர் வரிசையின் கடைசியில் முந்தானைக்குள் ஒரு செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பாதி போடுங்க. சிவமணியம்மாவுக்கு. நக்குறதுக்கு முன்னாலயே போட்ருங்க, படையலுக்கு எச்சி ஆகாது,” என்று ஒவ்வொருவர் காதிலும் சொன்னாள். கல்லைப் பற்றிக் கேட்ட அந்தக் கடைக்காரர் முழுவதையும் கொட்டிவிட்டு, கசப்புத் தேத்தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்தார். சிவமணியைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூடப் போட்டார்கள். இரண்டு நாள், நாலு வேளை. சீனி வியர்வையில் கொஞ்சம் கசிந்து பழுப்பாக இருந்தது. தம்பிராஜா அந்தச் செம்பை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதார்.

எட்டாம் நாள் பகல், கந்தோர் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், வீரம்மா நாற்பது பணியாரம் பொரித்தாள். பொன் நிறம். மிளகும் ஏலக்காயும் வகுப்பறை வரைக்கும் மணத்தன. சிவமணியின் படம் வீட்டோடு எரிந்துவிட்டதால், தம்பிராஜா கரும்பலகையில் அவளுடைய பெயரை வெண்கட்டியால் அளவெடுத்து எழுதினார். அதன் கீழே மேசையில் ஒரு விளக்கு. விளக்குக்கு முன்னால் ஒரு தட்டில் பணியாரம். அனுமதிக்கப்பட்ட அவித்த உருண்டைகளும் இருக்கத்தானே வேண்டும் என்று அவற்றையும் இன்னொரு தட்டில் ஓரமாக வைத்தார். பொழுது சாயத் தொடங்கும் நேரத்தில் விளக்கேற்றுவது என்று இருந்தார்.

அதற்கு முன்னாலேயே ஜீப் சத்தம் கேட்டது. கொழும்பிலிருந்து தூதுக்குழு வந்திருந்தது. ஐந்து பேர், அதில் இருவர் வெள்ளைக்காரர். நவரட்ணராஜா அவர்களை நேரே அந்த வகுப்பறைக்குள் கூட்டி வந்தார். அவர் இதை முதலே திட்டமிட்டிருந்தார் என்பது தம்பிராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தெட்டு கிலோ சிவமணி இந்தப் பணியகத்தின் கண்காட்சிப் பொருள்.

“இந்த அம்மையார் எமது முதலாவது மகிழ்வுப் பண்டப் பயனாளி,” என்று நவரட்ணராஜா முழங்கினார். ஒவ்வொரு வசனத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். “உயிருடன் எமது திட்டத்தில் நான்கு நாட்கள் மட்டுமே இருந்தார். அந்த நான்கு நாட்களிலும் அவருடைய சீனி அளவு கூடியதாக எம்மிடம் ஒரு பதிவும் கிடையாது. இறந்த பின்னர், கடந்த எட்டு நாட்களில், அவர் ஒரு தடவைகூடத் திட்டத்தை மீறவில்லை. மரணமும் எமக்குத் தடையல்ல என்பதை மிகுந்த மகிழ்ச்சியோடு அறியத் தருகிறேன்.”

தூதுக்குழு கை தட்டியது.

ஒரு வெள்ளைக்காரர் இரண்டு தட்டையும் பார்த்து, இதில் எது உங்களுடைய செய்முறை என்று கேட்டார். நவரட்ணராஜா ஒரு கணம் தயங்கினார். அவர்தான் ஒன்றையும் தின்று பார்த்தவரில்லையே. அவித்த அன்றும் தூர நின்று குறிப்பெழுதியவர். சாம்பல் நிற உருண்டைகளைப் பார்த்தார். பொன் நிறப் பணியாரங்களைப் பார்த்தார். தன் மூளையில் உதித்தது இவ்வளவு அவலட்சணமாக இருக்கும் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை.

“இதுதான்,” என்று பணியாரத் தட்டை எடுத்து நீட்டினார். “சீனி அறவே இல்லை. எண்ணெய் இல்லை. மற்றது இவர்களுடைய பழைய முறை. பார்த்தாலே தெரிகிறதுதானே.”

தம்பிராஜா வாயைத் திறந்தார். கதவடியில் வீரம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் சனம் நின்றது. சீனி என்ற சொல் இப்போது வெளியே வந்தால் நானூறு உள்ளங்கைக்கும் ஒரு வாரம் ஒன்றும் விழாது. வீரம்மா வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். தம்பிராஜா வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் தின்றார்கள். விளக்கு ஏற்றவில்லை, படைக்கவில்லை, செத்தவளின் பெயருக்குக் கீழே நின்று கடவாயில் எண்ணெய் மினுங்கத் தின்றார்கள். வெள்ளைக்காரர் மூன்று தின்றார். கொழும்புப் பெண்மணி ஒருவர் வீட்டுக்கென்று கைலேஞ்சித் துணியில் பத்தைக் கட்டினார், மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள். நவரட்ணராஜா ஒன்றை வாய்க்குள் போட்டுக் கண்ணை மூடி மென்றார். “இயற்கையான இனிப்பு. பயற்றுக்குள் ஒளிந்திருந்ததை விஞ்ஞானம் வெளியே கொண்டு வந்திருக்கிறது,” என்றார். இன்னொன்றை எடுத்தார், பிறகும் ஒன்று எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். நானூறு பேரின் உள்ளங்கைச் சீனி அந்த விரல்களில் இருந்தது. தட்டில் ஒரு துணுக்கும் மிஞ்சவில்லை.

போகும்போது அவர் தம்பிராஜாவின் தோளில் தட்டினார். “உங்கட மனிசிக்கு மற்றது இருக்குத்தானே,” என்றார்.

ஜீப் கீழே இறங்கிப் போனது. சாம்பல் நிற உருண்டைகள் பன்னிரண்டும் வைத்தபடியே இருந்தன. தன்னால் ஒன்பது வருடம் சீனியில்லாமல் இருந்தவளுக்கு எட்டாம் நாளும் சீனியில்லாத சாந்து உருண்டைதான் என்று தம்பிராஜா நினைத்தார். வீரம்மா அடுக்களைக்குப் போனாள். மாலைத் தேத்தண்ணீருக்கு மணி அடித்தது.

அவரும் வரிசையில் நின்றார். தகரக் கோப்பையில் தேத்தண்ணீரும் உள்ளங்கையில் சீனியும் வாங்கினார். குடிக்காமல், கையை மூடாமல், சீனி சிந்தாமல் மெல்ல நடந்து வகுப்பறைக்கு வந்தார். தட்டுகளைக் கந்தோர் எடுத்துப் போயிருந்தது. உருண்டைகள் மேசையில் உருண்டு கிடந்தன. சுவரிலிருந்து தான் வரைந்த அட்டவணையைக் கழற்றி, எழுத்தைக் கீழே கவிழ்த்து விரித்தார். ஓர் உருண்டையை அதில் வைத்து, உள்ளங்கைச் சீனி முழுவதையும் அதன்மேல் கொட்டினார். கையில் ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டார். விளக்கை ஏற்றினார்.

“சாப்பிடும், சிவமணி,” என்றார். “இண்டைக்கு அட்டவணை இல்லை.”

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கதவடியில் வரிசை நின்றது. ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் சீனி இருந்தது.

மறுநாள் காலை கமலாசனி படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் கொண்டு வந்தாள். தம்பிராஜா பேனையை வாங்கினார். ‘பண்டம் உண்ணப்பட்டதா?’ என்பதற்கு நேரே ஓம் என்று எழுதினார். அது பொய்யில்லை, யார் உண்டார் என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை. ‘உண்டவர் மகிழ்ந்தாரா?’ என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டு சின்னக் கட்டங்கள்தான் இருந்தன. அவர் வெகுநேரம் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டுக்கு வெளியே, தாளின் ஓரத்தில், திருத்தமான எழுத்தில் எழுதினார்: ‘ஒன்பது வருடம் பிந்தி.’

கமலாசனி படித்துவிட்டுத் தயங்கினாள். “நிரலுக்கு வெளியில எழுதினதை எடுக்க மாட்டினம் ஐயா. விட்டிடுவினம்.”

“ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும்,” என்றார் தம்பிராஜா. “நானும் அப்பிடித்தான் ஒரு வரியை விட்டனான்.”